சோலைக்கிளிக்காக ஓடைக்கரையைக் கூட்டாமல் விட்டேன்

கொடைக்கானலுக்கு நாங்கள் குடிவந்தது 2018 ஜூனில். அந்த வருஷம் குறிஞ்சி பூத்தது, மலையெல்லாம் கூட்டம், என் கவனமும் அதிலேயே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பறவை இருப்பது எனக்கு உறைத்தது அடுத்த பிப்ரவரியில்தான். விடிவதற்கு முன்னால் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால், ஓடைப் பக்கத்து இருட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டு வரும். ஒரே மாதிரி திரும்பத் திரும்பக் கூவுகிற பாட்டு இல்லை அது. மெல்லிய விசிலில் தொடங்கி, மேலே ஏறி, நடுவில் கரகரவென்று எதையோ சொல்லி, திரும்ப விசிலுக்கு வந்து, சரி முடிந்துவிட்டது என்று நாம் அடுப்பைப் பார்க்கத் திரும்பும்போது வேறு வழியில் மறுபடி தொடங்கும். மதுரையில் நாற்பது வருஷம் காக்கை, மைனா, குயில் சத்தத்தில் வளர்ந்தவள் நான், இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை.

கேட்டேனே தவிர, பார்க்க முடியவில்லை. ஓடைக்கரையில் இறங்கினால் பாட்டு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஈரமான இலைக்குப்பை, பாசி பிடித்த வேர், பெரணி, புதர். சரி, இவ்வளவு அடர்ந்து கிடந்தால் எப்படித் தெரியும், கொஞ்சம் சுத்தம் பண்ணலாம் என்று மார்ச் மாதம் இரண்டு பேரை வைத்து ஓடையின் இந்தப் பக்கக் கரை முழுக்கப் புதரை வெட்டி, இலையைக் கூட்டி, ஓரத்தில் குவித்து எரித்தும்விட்டோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓடைத் தண்ணீர் வீட்டிலிருந்தே தெரிந்தது. உட்கார ஒரு மரப் பெஞ்சும் போட்டேன்.

நாலே நாளில் பாட்டு நின்றது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் இந்தப் பக்கம் ஒரு சத்தம் இல்லை. தூரத்தில், ஓடையின் மேல்பக்கம் சோலை, அதாவது உயர்மலைப் பள்ளங்களில் இருக்கும் அடர்ந்த பழைய காடு, தொடங்கும் இடத்தில் எப்போதாவது கேட்கும், அவ்வளவுதான்.

பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், காட்டில் பல வருஷம் வாட்சராக வேலை பார்த்தவர். ஒருநாள் பூண்டு வாங்கப் போனபோது அவரிடம் சொன்னேன், "ஐயா, காலையில ஒண்ணு பாடிட்டு இருந்துச்சு, இப்ப காணோம்." அவர் எங்கள் ஓடைக்கரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அதோட சாப்பாட்ட பூராவும் கூட்டி அள்ளிக் கொளுத்திட்டீங்களே தாயி, அது எப்படி இங்க இருக்கும்?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை அவருக்கு. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பறவையின் பெயர் சோலைக்கிளி. பெயரைக் கேட்டதும் நமக்குப் பச்சைக்கிளி நினைவு வரும், ஆனால் இது கிளி இனமே இல்லை. மலையாளத்தில் கிளி என்றால் சின்னப் பறவை எதையும் சொல்வார்கள், அந்தக் கிளிதான் இது. கிட்டத்தட்ட சிட்டுக்குருவி அளவுதான், சுமார் 15 சென்டிமீட்டர். முதுகும் மார்பும் கரும்பலகை போன்ற கருநீலம், நெற்றியில் வெளிறிய ஒரு பட்டை, வயிறு வெள்ளை, உடம்புக்கு மீறிய நீளமான கால்கள். ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும் கிளையில் உட்கார்ந்து பாய்ந்து பூச்சி பிடிக்கிற வேலை இதற்குக் குறைவு. பெரும்பாலும் தரையில் இறங்கி, மட்கிய இலைக்கு அடியில் இருக்கும் புழு பூச்சியைத் தேடித் தின்னும். இலைக்குப்பை போனால் அதற்கு இங்கே வேலையில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அடுத்து நான் செய்ததெல்லாம் அவர் சொல்லித்தான். பெஞ்சை எடுத்தேன். கரையில் யாரையும் இறங்கவிடவில்லை. வீட்டு முற்றத்தில் கூட்டும் இலையை எரிக்காமல் கொண்டுபோய் அங்கே பரப்பினேன், அதுவும் கனமாகக் கொட்டாமல் ஒரு விரல் மொத்தத்துக்கு. புதர் தானே முளைத்தது. நட்டது எதுவும் இல்லை. ஜூன் மழை, அப்புறம் அக்டோபர், நவம்பர் மழை இரண்டும் பெய்து முடித்தபோது பெரணி முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. கொடைக்கானலில் வண்டிச் சத்தமே இல்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். ஏப்ரல் முதல் வாரம் ஒரு விடிகாலையில் பாட்டு திரும்ப வந்தது, இந்தப் பக்கக் கரையிலிருந்தே. ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் துடித்தது. பெரியவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், "தேடாதீங்க தாயி, உக்காருங்க. நீங்க தேடுனா அது உங்களப் பாக்கும். நீங்க உக்காந்தா நீங்க அதப் பாப்பீங்க."

எப்படி உட்கார வேண்டும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். வெளிச்சம் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச்சம் வந்தபிறகு போனால் நாம் நடந்துவருவதை அது பார்த்துவிடும், அப்புறம் ஒரு மணி நேரம் வீண். ஓடையை நேராகப் பார்த்து உட்காராமல், ஒரு மரத்துக்கு முதுகு கொடுத்து, கொஞ்சம் வெட்டவெளியான தரையை, அதாவது ஒரு கைக்குட்டை அகலத்துக்கு இலை தெரிகிற இடத்தைப் பார்த்து உட்கார வேண்டும். பறவையைப் பார்க்காதீர்கள், அந்த இடத்தைப் பாருங்கள். மங்கின பச்சையோ பழுப்போ உடுத்துங்கள். சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டவே வேண்டாம், அந்தச் சத்தம் ஓடைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பைனாகுலர் இருந்தால் நல்லது, ஆனால் அதை முன்னாடியே கழுத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பறவை வந்தபிறகு கையைத் தூக்கினால் போச்சு. மழைக்காலத்தில் அட்டை ஏறும், பேண்டைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும், கடித்துவிட்டால் பிடுங்காமல் நகத்தால் வாய்ப் பக்கத்தை மெல்ல நெம்பி எடுங்கள்.

காட்டுமாடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் ஊருக்குள்ளேயே காட்டுமாடு நடமாடுகிறது. விடிகாலைப் பனிமூட்டத்தில் பத்தடியில் நிற்பது தெரியாது. அதனால் தனியாகச் சோலைக்குள் போகாதீர்கள், போகும் வழியில் கொஞ்சம் நின்று நின்று காது கொடுத்துக் கேளுங்கள், புல் கடிக்கும் சத்தமோ மூச்சு விடும் சத்தமோ கேட்டால் அன்று பறவை பார்த்தது போதும் என்று திரும்பிவிடுங்கள். நான் அப்படி நான்கைந்து முறை திரும்பியிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்பதும் தெரிந்ததுதான். 2013இல் இந்த மலையின் சுமார் 600 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

அப்படி உட்கார்ந்து ஆறாவது நாள் பார்த்தேன். ஒரு விநாடிக்கு முன்னால் அங்கே ஒன்றும் இல்லை, அடுத்த விநாடி அது அந்த இலைமேல் நிற்கிறது. நேராக நிமிர்ந்து, நீளக் கால்களில். இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்துத் தரையைப் பார்க்கிறது, இலையைப் புரட்டுகிறது, எதையோ எடுத்து விழுங்குகிறது. நீலம் என்று படத்தில் பார்த்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் நீலம் தெரியவில்லை, நிழலோடு நிழலாகக் கருப்பாக இருந்தது, வயிற்று வெள்ளை மட்டும்தான் பளிச்சென்று தெரிந்தது. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் பெரணிக்குள் போய்விட்டது. நான் அழுதுவிட்டேன், சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

இதற்கப்புறம்தான் அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். பிளான்ஃபோர்ட் என்பவர் 1868இல் வெள்ளை வயிறு என்று பொருள்படும் அல்பிவென்ட்ரிஸ் என்ற பெயரை இதற்கு வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு இது எந்தப் பேரினத்தில் சேரும் என்று ஆளாளுக்கு மாற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள், ஒருகாலத்தில் இமயமலைப் பக்கத்துக் குட்டைச்சிறகுப் பறவைகளோடு, அப்புறம் இன்னொரு நீலப் பறவைக் கூட்டத்தோடு. வி.வி. ராபினும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் மரபணு, பாட்டு, உடல் அளவு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, இவை யாரோடும் சேராத தனிக்கூட்டம் என்று 2017இல் ஒரு புதிய பேரினமே உருவாக்கினார்கள். அதன் பெயர் ஷோலிகோலா. சோலையில் வசிப்பது என்று அர்த்தம். நம் சோலை என்ற சொல் அறிவியல் பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

நீலகிரியில் இருப்பது வேறு இனம், அதற்கு வயிற்றின் இரு பக்கமும் செம்பழுப்பு நிறம். இரண்டுக்கும் நடுவில் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலம்தான், பேருந்தில் போனால் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம், ஆனால் இந்தப் பறவை குளிர்ந்த உயர்மலைச் சோலையை விட்டு இறங்காது. கீழே இருக்கும் சூடான சமவெளி அதற்குக் கடல் மாதிரி. அதனால்தான் இந்த மலை உச்சிகளை வானத்துத் தீவுகள் என்கிறார்கள். பல லட்சம் வருஷமாக அந்தந்தத் தீவில் அந்தந்தப் பறவை. நம் பழனி மலையும் ஆனைமலையும் மேகமலையும் இந்த வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளியின் தீவுகள். இதைப் படித்தபிறகு என் ஓடைக்கரையை நான் பார்த்த பார்வையே மாறிவிட்டது. இங்கே இடம் போய்விட்டால் அது வேறு ஊருக்குப் பறந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதற்கு வேறு ஊர் கிடையாது.

அடுத்த தவறு 2021இல். வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன் நல்ல கேமரா வைத்திருந்தான். இரண்டு நாள் உட்கார்ந்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கைபேசியில் அதன் பாட்டை ஓடவிட்டான், நானும் தடுக்கவில்லை, எனக்கும் பார்க்க ஆசை. ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. வந்து, எங்களைச் சுற்றி, கிளை மாறி மாறி, வாலை விரித்து, ஓயாமல் பாடியது. படம் அருமையாகக் கிடைத்தது. நாங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்து முடித்தபிறகும் அது அங்கே கத்திக்கொண்டிருந்தது. தன் இடத்துக்குள் இன்னொருவன் புகுந்துவிட்டான் என்று நம்பி, இல்லாத எதிரியைத் தேடி, இரை தேட வேண்டிய காலை நேரம் முழுவதையும் அதிலேயே கழித்தது. அது குஞ்சு பொரிக்கும் மாதம் வேறு. அன்றிலிருந்து என் வீட்டில் ஒலிபரப்பு கிடையாது, வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டைப் பதிவுசெய்யுங்கள், மெர்லின் செயலியில் போட்டு அடையாளம் பாருங்கள், பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் தளத்தில் பதிவிடுங்கள், ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது அதிலும் கலந்துகொள்ளுங்கள், எல்லாம் நல்லது. செயலியில் பறவையின் பாட்டைக் கேட்பதானால் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள், அல்லது வீட்டுக்குள் ஜன்னலை மூடிவிட்டுக் கேளுங்கள்.

ஜன்னல் என்றதும் நினைவுக்கு வருகிறது. மலையில் இப்போது எந்த வீடு கட்டினாலும் காட்சி தெரிய வேண்டும் என்று ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வைக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் பின்பக்கம் அப்படித்தான். ஒருநாள் மதியம் டொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் சோலைக்கிளி தரையில், வாய் திறந்து, கண் பாதி மூடி. கையில் எடுத்துத் தண்ணீர் ஊற்றப் போன என் கணவரை நல்லவேளை நிறுத்தினேன். அடிபட்ட பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து, காற்றுக்கு ஓட்டை போட்டு, மெதுவாக உள்ளே வைத்து மூடி, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால், தேறியிருந்தால் அதுவே போய்விடும். எங்களுடையது பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டபிறகு திறந்தோம், நேராக ஓடைக்குத்தான் போனது. இறக்கை தொங்கினாலோ எழுந்திருக்கவே இல்லை என்றாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்று மாலையே கண்ணாடியில் வேலை தொடங்கினேன். பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது போதாது, பறவை அந்தப் படத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து மோதும். கண்ணாடி முழுக்க, இரண்டு அங்குலத்துக்கு ஒன்று வீதம் வெள்ளைப் புள்ளியோ கோடோ இருக்க வேண்டும், அதுவும் வெளிப்பக்கத்தில். உள்பக்கம் ஒட்டினால் வானத்தின் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். நான் கோலப்பொடி கரைத்து முதலில் புள்ளி வைத்தேன், மழையில் கரைந்தது. அப்புறம் வெள்ளைப் பெயிண்டில் வைத்தேன். புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைதானே, வரிசை தப்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு பறவையும் மோதவில்லை.

சீகை (வாட்டில்) மரம் விஷயத்தில்தான் எனக்கு மிகவும் குழப்பம் இருந்தது. எங்கள் இடத்தின் மேல்பக்கம் பதினொரு சீகை மரங்கள், நல்ல உயரம். வெளிநாட்டு மரம், தோல் பதனிடும் பட்டைக்காக இந்த மலைக்குக் கொண்டுவந்தது, கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் அதே மாதிரி வெளியிலிருந்து வந்தவை. சோலைக்கு எதிரி, வெட்டித் தள்ளு என்று எல்லோரும் சொன்னார்கள். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, 1973க்கும் 2014க்கும் நடுவில் பழனி மலையின் உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது என்று சொல்கிறது. ஆகவே அந்தக் கோபம் நியாயமானது. நானும் அனுமதி வாங்கிப் பதினொன்றையும் வெட்ட ஆள் பேசிவிட்டேன்.

வெட்டுவதற்கு முந்தின நாள் அந்த மரங்களுக்கு அடியில் நின்று பார்த்தேன். தரையில் சோலைக் கன்றுகள். நாவல் வகையில் ஒன்று, காட்டுச் செண்பகம் இரண்டு, பெயர் தெரியாதவை நிறைய. சோலைக்கு ஓரமாக இருக்கும் வயசான சீகைத் தோப்பின் நிழலில், பறவைகள் போடும் விதையிலிருந்து சோலை மரங்கள் மெல்லத் திரும்பி வருகின்றன. வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் சோலை மரங்களுக்கு நாற்றங்கால் வைத்துப் பல வருஷம் உழைத்தார்கள், இதை அவர்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்று இங்கே பலர் நினைவுகூர்கிறார்கள். ஒரேயடியாக வெட்டினால் என்ன ஆகும்? வெயில் தரையில் விழும், சோலைக் கன்றுகள் கருகும், மண்ணுக்குள் பல வருஷமாக உறங்கும் சீகை விதை மொத்தமும் முளைக்கும். பதினொரு மரத்துக்குப் பதிலாக ஆயிரம் கன்று.

அதனால் ஆளை அனுப்பிவிட்டேன். சோலையை ஒட்டியிருக்கும் மரத்தை விட்டுவைக்கிறோம், கீழே புதிதாக முளைக்கும் சீகைக் கன்றை மட்டும் மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குகிறோம், ஈர மண்ணில் சுலபமாக வரும். ஆனால் புல்வெளியாக இருக்கும் இடத்தில் இந்தப் பொறுமை கூடாது, அங்கே சீகைக் கன்று கண்ணில் பட்டால் உடனே எடுத்துவிட வேண்டும். ஒரே மரம்தான், சோலையோரத்தில் ஒரு மாதிரி, புல்வெளியில் இன்னொரு மாதிரி. இதைப் புரிந்துகொள்ளாமல் வெட்டுகிறவர்களும் நடுகிறவர்களும் இரண்டு பேருமே கெடுதல் செய்கிறார்கள் என்பது என் கருத்து. புல்வெளியில் கொண்டுபோய்ச் சோலை மரம் நடுவதும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூடு பார்த்தது 2023 மே மாதம். பார்க்க வேண்டும் என்று போகவில்லை. ஓடையின் எதிர்க்கரையில், ஒரு மண்மேட்டுப் பொந்தில், வாயில் பூச்சியோடு சோலைக்கிளி நுழைவதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பாசியும் மெல்லிய வேரும் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. நான் கிட்டப் போகவில்லை. நாம் நடந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கீரி போகும், பூனை போகும், நாம் ஒதுக்கிய பெரணியின் இடைவெளி காக்கைக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, ஒரு மாசம் மட்டும் பூனைய ராத்திரியும் விடிகாலையும் உள்ள வச்சுக்கிறீங்களா" என்று கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். அதற்கப்புறம் அவரே தினமும் வேலியோரம் வந்து "என்ன, வந்துச்சா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். ஓடைப் பக்கம் எரியும் விளக்கையும் அந்த மாதத்திலிருந்து நிறுத்திவிட்டோம், இன்னும் போடவில்லை.

ஜூன் தொடக்கத்தில், மழை பிடிப்பதற்கு முன்னால், உடம்பெல்லாம் பழுப்புப் புள்ளியோடு ஒரு குஞ்சு என் இலைக்குப்பையில் நின்றது. வால் இன்னும் முழுதாக வளரவில்லை. தாயோ தகப்பனோ தெரியவில்லை, ஒன்று இலையைப் புரட்டிக் காட்டியது, குஞ்சு அதைப் பார்த்துவிட்டு வேறொரு இலையை இழுத்தது, இலை அதைவிடப் பெரிசு, வரவில்லை.

இப்போதும் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்து, "ஏங்க, பின்னாடி இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க, ஆள் விட்டுச் சுத்தம் பண்ணலாமே" என்கிறார்கள். காலையில் ஆறு மணிக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறேன். போன ஏப்ரலில் ஒருவர் நிஜமாகவே வந்தார், சால்வையைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். நாற்பது நிமிஷம் ஒன்றும் வரவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. எழுந்து போகும்போது, நாளைக்கும் வரலாமா என்று கேட்டார்.